ஓட்டோ சாண்டரின் குரலைத் தேடி: மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு

செவ்வாய், மியூனிக்

ஜெர்மன் நடிகர் ஓட்டோ சாண்டர் என்றால் நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. ஆனால் உலக சினிமா பார்க்கிற பழக்கம் இருந்தால் அந்த முகத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 1987-ல் வந்த விம் வெண்டர்ஸின் 'விங்ஸ் ஆஃப் டிசயர்' படத்தில் கறுப்பு ஓவர்கோட்டும் பின்னால் கட்டிய தலைமுடியுமாக இரண்டு தேவதூதர்கள் பெர்லினைச் சுற்றி வருவார்கள் இல்லையா, அதில் ஒருவர் சர்க்கஸ் பெண்மீது காதல் வந்து மனிதனாகிவிடுவார், அவர் புருனோ கான்ஸ். இன்னொருவர் கடைசிவரை தேவதூதராகவே இருந்துவிடுவார். அந்த இன்னொருவர்தான் சாண்டர், படத்தில் காசியேல். எல்லோரும் முதலாமவரைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு எப்போதும் இரண்டாமவர் மேல்தான் கண். இந்தப் பயணமே அவருக்காகத்தான்.

சரி, மியூனிக்கில் ஏன் ஆரம்பிக்கிறேன் என்றால், அவருடைய நடிப்பு வாழ்க்கையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிறந்தது 1941-ல் ஹனோவரில், வளர்ந்தது காஸல் நகரத்தில். பள்ளி முடித்த கையோடு கடற்படையில் கட்டாய ராணுவ சேவை, ரிசர்வ் அதிகாரியாக. அதன்பின் மியூனிக் வந்து நாடகவியல், ஜெர்மன் இலக்கியம், கலை வரலாறு, தத்துவம் என்று படித்து, ஓட்டோ ஃபால்கன்பெர்க் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். 1965-ல் டுஸ்ஸல்டார்ஃபில் முதல் மேடை.

கடற்படை விஷயத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இன்று காலை 25-ஆம் எண் டிராமில் ஏறி நகரத்தின் தெற்கே கைஸல்காஸ்டைக் என்ற இடத்துக்குப் போனேன். பவேரியா ஸ்டூடியோ அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் மாலுமிகளைப் பற்றி 1981-ல் வெளிவந்த 'தாஸ் போட்' படத்துக்காகக் கட்டிய நீர்மூழ்கிக் கப்பலின் உட்புறத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள், வழிகாட்டியோடு உள்ளே நடந்து போகலாம். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமான ஒரு குழாய். இரண்டு பக்கமும் பித்தளை வால்வுகள், மானிகள், தலைக்கு மேலே கம்பிக் கொத்துகள். படுக்கைகள் என்று சொல்லப்படுபவை பலகை அகலம்தான், ஒருவர் எழுந்து வேலைக்குப் போனால் அந்தச் சூட்டிலேயே இன்னொருவர் வந்து படுக்க வேண்டும். அறைக்கு அறை நடுவில் இருக்கிற வட்டக் கதவை, காலை முதலில் விட்டுத் தலையைக் குனிந்து கடக்க வேண்டியிருக்கிறது. படத்தில் மாலுமிகள் இதே வட்டங்களுக்குள் பாய்ந்து ஓடுவார்கள், ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடியிருக்கிறார். உள்ளே நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிகிறது.

ஆனால் சாண்டர் இந்தக் குழாய்க்குள் வருவதே இல்லை. அவருடைய காட்சி கப்பல் புறப்படுவதற்கு முந்தின இரவு, பிரெஞ்சுக் கரையில் ஒரு மதுவிடுதியில் நடக்கிறது. தோம்சன் என்ற கேப்டனாக வருகிறார். கழுத்தில் புத்தம் புதிய பதக்கம், நிற்க முடியாத போதை. மேடையில் ஏறி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஃபியூரர் ஹிட்லரைப் புகழ்வதுபோலவே ஆரம்பித்து, ஒவ்வொரு வார்த்தையாக அந்த ஆளை உரித்துவிடுவார். கூடம் உறைந்துவிடும். எங்கே நிறுத்துவார், எங்கே மாட்டிக்கொள்வார் என்று நமக்கே பதறும். அப்புறம் கழிவறைத் தரையில் சுருண்டு கிடப்பார். திரும்ப ஒருமுறை நடுக்கடலில், புயலில், எதிரே வருகிற படகின் மேல்தளத்தில் சில நொடிகள். அவ்வளவுதான் அவருடைய பங்கு. ஆனால் அந்தப் போருக்குப் போய்த் திரும்பினவன் மனசு என்ன ஆகியிருக்கும் என்பதை இரண்டரை மணி நேரப் படம் தொடங்குமுன்னே அந்தச் சில நிமிடங்களில் அவர் காட்டிவிடுகிறார். பின்னால் இந்தக் குழாய்க்குள் இளம் மாலுமிகள் உற்சாகமாக ஏறும்போது நமக்கு அடிவயிறு கலங்குவது தோம்சனைப் பார்த்துவிட்டதால்தான்.

புதன், ரயிலில்

மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு நான்கு மணி நேரம். நூரம்பர்க் தாண்டி, துரிங்கியா மலைப்பக்கம் சுரங்கமும் பாலமுமாகப் போகிறது, ஜன்னலில் பார்க்க ஆரம்பிக்குமுன் இருட்டிவிடும். அதனால் கண்ணை மூடிக் காதில் சாண்டரைப் போட்டுக்கொண்டேன்.

ஜெர்மானியர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'த வாய்ஸ்'. கரகரப்பான, ஆழமான, கொஞ்சம் புகை படிந்த குரல். அவசரமே கிடையாது. ஆனால் சோம்பலும் கிடையாது, மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். 2006-ல் வந்த டாம் டிக்வரின் 'பெர்ஃப்யூம்' படத்தின் ஜெர்மன் பதிப்பில் கதைசொல்லி இவர்தான், ஆங்கிலத்தில் ஜான் ஹர்ட். பதினெட்டாம் நூற்றாண்டு பாரிஸின் மீன்சந்தை நாற்றத்தை இவர் விவரிக்கும்போது அருவருப்பை ஏற்றிச் சொல்வதே இல்லை, பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்கிற நிதானத்தில் சொல்லிக்கொண்டு போகிறார். அதனாலேயே நம் மூக்கு சுருங்குகிறது.

ஜெர்மனியில் குரல் நடிகர் என்றால் பெரும்பாலும் டப்பிங் கலைஞர்களைத்தான் நினைப்பார்கள். வெளிநாட்டுப் படம் எதுவானாலும் இங்கே ஜெர்மனில் பேசித்தான் பெரும்பாலான தியேட்டர்களுக்கு வரும், ஒவ்வொரு ஹாலிவுட் நட்சத்திரத்துக்கும் வழக்கமாக ஒரு ஜெர்மன் குரல் இருக்கும். ராபர்ட் டி நீரோ என்றால் கிறிஸ்டியன் புருக்னர், அந்தக் குரல் மாறினால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். சாண்டர் பேர் வாங்கியது வேறு வழியில். கவிதை வாசிப்பு, ஒலிப்புத்தகம், வர்ணனை. இன்னொருவரின் உதட்டசைவுக்குள் போய் உட்காராமல், ஒரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு தன் மூச்சுக்கே வாசிக்கிற வேலை.

அதில் எனக்கு உயிர், யோவாகிம் ரிங்கெல்நாட்ஸின் கவிதைகளை அவர் வாசிப்பது. ரிங்கெல்நாட்ஸும் கப்பலில் வேலை பார்த்தவர், முதல் உலகப்போரில் கடற்படையில் இருந்தவர், பிறகு மேடை மேடையாகக் கவிதை சொல்லித் திரிந்தவர். 1933-ல் நாஜிகள் அவரை மேடையேறக் கூடாதென்று தடுத்தார்கள், அடுத்த வருஷமே காசநோயில் போய்விட்டார். அவருடைய குடிகார மாலுமிக் கவிதைகளைச் சிரிப்பு மூட்டுகிற மாதிரி வாசிக்கிறவர்கள் நிறைய. சாண்டர் வாசித்தால் சிரிப்பு வரும், வரி முடிகிற இடத்தில் அவர் விடுகிற சின்ன இடைவெளியில் அந்த மாலுமிக்குப் போக வீடு இல்லை என்பதும் தெரியும். ஒரு கவிதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எங்கே மூச்செடுக்கிறார் என்று கவனித்துக்கொண்டே வந்தேன். பொருள் முடிகிற இடத்தில் எடுப்பதில்லை, அதற்கு ஒரு சொல் முன்னாலேயே எடுத்துவிடுகிறார். அந்தக் கடைசிச் சொல் அதனால் தனியாக வந்து விழுகிறது.

இருட்டின பிறகு பெர்லின். க்ராய்ட்ஸ்பெர்க் பக்கம் அறை.

வியாழன், பெர்லின், ஹல்லெஷஸ் ஊஃபர்

அறையிலிருந்து நடந்தே போனேன். லாண்ட்வேர் கால்வாய், அதன் ஓரமாகத் தூண்கள்மேல் ஓடுகிற மஞ்சள் ரயில், கரையில் ஒரு சாதாரணக் கட்டடம். இப்போது ஹெபல் அம் ஊஃபர் நாடக அமைப்பின் அரங்குகளில் ஒன்று. 1970-ல் இயக்குநர் பீட்டர் ஷ்டைன் தன் குழுவோடு வந்து சேர்ந்த ஷௌபூனே நாடக அரங்கு இதுதான். புருனோ கான்ஸ், எடித் கிளெவர், யுட்டா லாம்பெ, அவர்களோடு ஓட்டோ சாண்டர். அந்தத் தலைமுறையின் ஜெர்மன் நாடகமே இந்த வாசல் வழியாகத்தான் போய் வந்தது என்றால் மிகையில்லை.

இங்கே நடந்தது சும்மா நாடகம் போடுகிற வேலை மட்டும் கிடையாது. எந்த நாடகம் எடுப்பது என்பதிலிருந்து நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். மாதக்கணக்கில் படிப்பார்கள், விவாதிப்பார்கள், கூட்டக் குறிப்பு எழுதுவார்கள். ஒருவர் நாயகன், மற்றவர்கள் துணை என்ற கணக்கை உடைக்கப் பார்த்தார்கள். 1971-ல் இப்சனின் 'பெர் கிந்த்' நாடகத்தை எடுத்தபோது பெர் கிந்த் பாத்திரத்தையே பல நடிகர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். 1974-ல் கார்க்கியின் 'கோடைவாசிகள்' நாடகத்துக்கு மேடையில் நிஜ மண்ணும் பிர்ச் மரங்களும். அதைப் பிறகு படமாகவும் எடுத்தார்கள், அதில் சாண்டரைப் பார்க்கலாம்: கூட்டத்தில் ஒருவராக, மற்றவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பவராக.

கேட்பது. என்னைப் பொறுத்தவரை சாண்டரின் முழுத் திறமையும் அதில்தான் இருக்கிறது, அதை இந்தக் கட்டடத்தில்தான் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். எதிரில் நிற்கிற நடிகர் பேசும்போது பெரும்பாலானவர்கள் தன் முறை வருவதற்காகக் காத்திருப்பார்கள், அது கண்ணில் தெரிந்துவிடும். சாண்டர் காத்திருப்பதில்லை. எதிராளி சொல்வது அவருக்கு அப்போதுதான் தெரியவருகிறது என்றே நாம் நம்புவோம். 1976-ல் எரிக் ரோமர் 'மார்க்விஸ் ஆஃப் ஓ' படத்தை ஜெர்மனில் எடுத்தபோது எடித் கிளெவரையும் கான்ஸையும் சாண்டரையும் இந்தக் குழுவிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். சாண்டர் அதில் நாயகியின் சகோதரன். அந்தப் படத்தில் அவர் வாய் திறக்காத நேரங்களில் கண்ணைப் பாருங்கள்.

ஷௌபூனே 1981-ல் குர்ஃபர்ஸ்டெண்டாமில் எரிக் மெண்டல்ஸோன் கட்டிய பழைய சினிமா அரங்குக்கு மாறிவிட்டது. மாலையில் அங்கேயும் போனேன். வளைந்த முகப்போடு அழகான கட்டடம்தான், ஆனால் எனக்கு மனசு ஒட்டியது கால்வாய்க் கரைக் கட்டடத்தில்.

வெள்ளி, அரசு நூலகம்

பாட்ஸ்டாமர் தெருவில் ஹான்ஸ் ஷாருன் வடிவமைத்து 1978-ல் திறந்த நூலகம். பையையும் கோட்டையும் கீழே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மேலே ஏறினால், 'விங்ஸ் ஆஃப் டிசயர்' படத்தில் பார்த்த அதே இடம். அடுக்கடுக்கான தளங்கள், எங்கிருந்து பார்த்தாலும் இன்னொரு தளம் தெரிகிறது, கூரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் இறங்குகிறது. படத்தில் தேவதூதர்கள் இங்கே படிப்பவர்களின் தோளருகே நின்று அவர்கள் மனதுக்குள் ஓடுவதைக் கேட்பார்கள், நூறு முணுமுணுப்புகள் சேர்ந்து இசைபோல எழும். இன்று என் முன்னால் ஒரு பெண் சட்டப் புத்தகத்தில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஒரு பெரியவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஏதோ பழைய வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மதியம்வரை அவர்கள் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த நூலகத்தில்தான் படத்தில் ஹோமர் என்ற கிழவர் வருவார், கைத்தடியோடு. காசியேல் அவர்கூடவே இருப்பார். அந்தக் கிழவர் கூர்ட் போய்ஸ். அவர் கதை தனிக் கட்டுரைக்கே காணும்: 1901-ல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, குழந்தையிலேயே மேடையேறி, நாஜிகள் வந்ததும் நாட்டைவிட்டுப் போய், ஹாலிவுட்டில் 'காசாபிளாங்கா'வில் பிக்பாக்கெட்டாகச் சின்ன வேஷம் போட்டு, 1950-ல் பெர்லினுக்கே திரும்பி வந்தவர். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், 'விங்ஸ் ஆஃப் டிசயர்' வெளிவருவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1982-ல், சாண்டரும் புருனோ கான்ஸும் சேர்ந்து கூர்ட் போய்ஸையும் இன்னொரு மூத்த நடிகர் பெர்ன்ஹார்ட் மினெட்டியையும் பற்றி 'நினைவு' என்ற பொருள்படும் தலைப்பில் ஆவணப்படம் எடுத்திருக்கிறார்கள். புகழின் உச்சத்தில் இருந்த இரண்டு நடிகர்கள் கேமராவை எடுத்துக்கொண்டுபோய் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்! படத்தில் காசியேல் கிழவரின் பக்கத்திலேயே நடப்பதைப் பார்க்கும்போது அந்த நெருக்கம் நடிப்பால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. போய்ஸுக்கு அந்த வேஷத்துக்காக 1988-ல் ஐரோப்பிய திரைப்பட விருது கிடைத்தது, எண்பத்தேழு வயதில்.

நூலகத்திலிருந்து சில நிமிட நடை, பாட்ஸ்டாமர் பிளாட்ஸ். படத்தில் இது பெர்லின் மதிலோரப் பொட்டல்காடு. கிழவர் தன் இளமையில் பார்த்த சதுக்கத்தைத் தேடுவார், காபிக்கடை எங்கே, கூட்டம் எங்கே என்று, யாரோ தூக்கிப்போட்ட இருக்கையில் களைத்து உட்காருவார். இப்போது நான்கு பக்கமும் கண்ணாடிக் கோபுரங்கள். கச்சேரிக் காட்சி எடுத்த எஸ்பிளனேட் ஓட்டலில் மிஞ்சியிருந்த ஒரு கூடத்தை 1996-ல் அப்படியே பெயர்த்து எழுபத்தைந்து மீட்டர் தள்ளி நகர்த்தி, புதுக் கட்டடத்துக்குள் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். கிழவர் தேடிய சதுக்கமும் இல்லை, அவர் நின்று தேடிய பொட்டலும் இல்லை. படம் மட்டும் இல்லையென்றால் அந்தப் பொட்டலை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சனி, டியர்கார்டன்

காலையில் டியர்கார்டன் பூங்காவில் நொயர் ஸே ஏரிக்கரை. ஜனவரி 15, 1919 இரவு ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்க்னெஹ்டை இங்கே சுட்டுக் கொன்றார்கள், அதே இரவு அவருடைய தோழர் ரோசா லக்ஸம்பர்கையும் கொன்று கால்வாயில் போட்டார்கள். ஏரிக்கரையில் செங்கல் தூண், கால்வாயில் தண்ணீரிலிருந்து எழும் ரோசாவின் பெயர் எழுத்துகள், இரண்டுமே 1987-ல் வைத்த நினைவுச் சின்னங்கள். 1986-ல் மார்கரெட்டெ ஃபான் ட்ரோட்டா எடுத்த ரோசா படத்தில் லீப்க்னெஹ்டாக நடித்தவர் சாண்டர். பார்பரா சுகோவா ரோசாவாக நடித்துக் கான் விருது வாங்கினார். வரலாற்றில் லீப்க்னெஹ்ட் ஓங்கி முழங்கிய பேச்சாளர், ஆனாலும் சாண்டரின் லீப்க்னெஹ்டிடம் எனக்குப் பிடித்தது அவர் தயங்குகிற இடங்கள்.

அங்கிருந்து வெற்றித் தூண். 285 படி. மேலே தங்கச் சிலையின் தோளில்தான் காசியேல் உட்கார்ந்திருப்பார், நம்மை அதற்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திவிடுகிறார்கள். காற்று காதை அடைத்தது.

மாலையில் ஐரோப்பா சென்டர். உச்சியில் பென்ஸ் நட்சத்திரம் மெதுவாகச் சுற்றுகிறது. படத்தில் என்னால் மறக்கவே முடியாத காட்சி இந்தக் கூரையில் நடக்கிறது. காதில் ஹெட்போனோடு ஓர் இளைஞன் விளிம்பில் உட்கார்ந்திருப்பான். காசியேல் அவன் முதுகில் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அவனுக்கு இவர் இருப்பது தெரியாது. அவன் குதித்துவிடுவான், காசியேல் கத்துவார். படம் முழுக்கக் குரலைத் தாழ்த்தியே வைத்திருந்தவர் கத்துகிற ஒரே இடம் அது. கேட்பதால் யாரையும் பிடித்து நிறுத்திவிட முடியாது என்று தேவதூதருக்குத் தெரிகிற இடம்.

1993-ல் வெண்டர்ஸ் இரண்டாம் பாகம் எடுத்தார், 'ஃபாரவே, ஸோ க்ளோஸ்'. அதை விமர்சகர்கள் பலர் விரும்பவில்லை, நீளம், சிதறல் என்றார்கள், அது ஓரளவு உண்மைதான். ஆனால் அதில் காசியேல் மனிதனாவது எப்படி? மாடி பால்கனியிலிருந்து விழுகிற ஒரு சிறுமியைக் கையில் பிடித்துவிடுகிறார். அவ்வளவுதான், மனிதனாகிவிடுகிறார். கான்ஸின் தேவதூதர் காதலால் மனிதனானார், இவர் விழுகிற பிள்ளையைப் பிடித்து மனிதனானார். இந்தக் கூரையையும் அந்த பால்கனியையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு வருஷ இடைவெளியில் ஒரே பாத்திரத்தின் கடன் ஒன்று தீர்வது தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் படத்தின் குறைகளையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன்.

ஞாயிறு, ஹேர்ஸ்ட்ராஸே

கடைசி நாள். ஒலிம்பியாஸ்டாடியோன் ரயில் நிலையத்தில் இறங்கி ஹேர்ஸ்ட்ராஸே வன இடுகாட்டுக்குப் போனேன், ரிங்கெல்நாட்ஸைப் பார்க்க. சிப்பி படிந்த சுண்ணாம்புக் கல்லில் தட்டையான கல்லறை. விரலால் தொட்டால் சிப்பியின் வரி தட்டுப்படுகிறது, கடலில் கிடந்தவருக்குப் பொருத்தமான கல். இன்னொரு பாதையில் நகைச்சுவைக் கலைஞர் லோரியோவின் கல்லறை, அதன்மேல் ரசிகர்கள் வைத்துவிட்டுப் போன மஞ்சள் ரப்பர் வாத்துகள். ஜெர்மானியர்களுக்குச் சிரிப்பு வராது என்பவர்களை இங்கே கூட்டிவர வேண்டும்.

சாண்டர் 2013 செப்டம்பர் 12 அன்று பெர்லினில் இறந்தார், எழுபத்திரண்டு வயது. சில வருஷங்களாகப் புற்றுநோய். மனைவி மோனிகா ஹான்சனும் நடிகை. மோனிகாவின் பிள்ளைகள் பென் பெக்கர், மெரெட் பெக்கர் இருவரையும் வளர்த்தவர் சாண்டர், இருவருமே இன்று ஜெர்மனியில் பெயர்பெற்ற நடிகர்கள். பென் பெக்கரும் குரலுக்குப் பேர் போனவர்தான். புருனோ கான்ஸ் 2019-ல் போய்ச் சேர்ந்தார்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். முதலில் 'தாஸ் போட்' படத்தின் தொடக்கம், மதுவிடுதிக் காட்சி வரைக்குமாவது. அப்புறம் 'விங்ஸ் ஆஃப் டிசயர்', கட்டாயம் ஜெர்மன் ஒலியில், சப்டைட்டிலோடு. அது முடிந்து கொஞ்ச நாள் கழித்து இரண்டாம் பாகம், உடனே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ரோமர் படம் பொறுமை உள்ளவர்களுக்கு. ஜெர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ரிங்கெல்நாட்ஸ் வாசிப்பை ஒருமுறை போட்டுக் கேளுங்கள், இணையத்தில் துண்டு துண்டாகக் கிடைக்கிறது, அர்த்தம் தேடாமல் அவர் எங்கே மூச்செடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். 1982 ஆவணப்படம் எங்காவது நல்ல பிரதியாகக் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், அதை முழுசாகப் பார்க்க ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன்.